கடைசியாக வெளியே வந்தவர்

எங்களுக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டிய கட்சிக்காரர் செத்துப்போன செய்தி வந்தபோது என் வாயில் மூன்றாவது கேக் துண்டு இருந்தது. துப்ப மனசு வரவில்லை. மென்றுகொண்டே மேடத்தின் பின்னால் ஓடினேன்.

"எங்க?" என்றார் மேடம், நடையை நிறுத்தாமல்.

"புகை அறையில."

"அது பொம்மைப் புகையாச்சே."

"ஆமா மேடம். ஆளு மட்டும் நிஜமாவே செத்திருக்காரு."

மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய ஹோட்டலின் இரண்டாம் மாடியில் 'தொழில் நிறுவனங்களும் பேரிடர் ஆயத்தமும்' என்று இரண்டு நாள் மாநாடு. கழுத்தில் அட்டை தொங்க நானூறு பேர். தீப்பிடித்தால் என்ன செய்வது, வெள்ளம் வந்தால் என்ன செய்வது, கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஏசி அறையில் உட்கார்ந்து கவலைப்படுவார்கள். கவலைப்பட்டுக் களைத்தவர்களுக்கு வெளியே காபியும் கேக்கும் உண்டு.

சிறப்புரையாளர்கள் இரண்டு பேர். முதல் நாள் பேசியவர் ரிட்டயர்டான தீயணைப்பு அதிகாரி. இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு நிறைவுரை ஆற்ற வேண்டியவர் எங்கள் கட்சிக்காரர். அவரை எல்லோரும் 'கடைசி ஆள்' என்றுதான் சொல்வார்கள். தையல் ஃபாக்டரி ஒன்றில் மேனேஜராக இருந்தபோது தீப்பிடித்ததாம். கறுப்புப் புகையில் கதவைத் தேடிப் பிடித்து, முப்பத்தொரு பேரை வெளியே அனுப்பிவிட்டு, கடைசியாகத்தான் இவர் வந்தாராம். செத்தது ஒரே ஒரு பெண். வெளியே வந்தவள், ஹேண்ட்பேக்கை எடுக்க மறுபடி உள்ளே போனாளாம். "அதுல என்ன இருந்திருக்கும்? ஒரு சீப்பு, ஒரு கண்ணாடி, பாதி கடிச்ச சாக்லேட்!" என்று இவர் விரலைத் தூக்கிச் சொல்லும்போது அரங்கம் சிரிக்கும். ஒன்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் கடந்த ஆறு கூட்டங்களாக, கேள்வி நேரத்தில் மேடைக்குப் போகும் சீட்டுகளுக்குள் ஒரு சீட்டு மட்டும் மாறாமல் வந்தது. 'கதவைப் பூட்டியது யார்?' கீழே பெயர் இருக்காது. அதைப் படித்ததும் அவருக்கு வேர்த்துக்கொட்டும். எழுதியவரைக் கண்டுபிடிக்கத்தான் எங்களை வைத்தார்.

மேடம் பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் போடுகிறவர்களைப் பிடித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார், நான் அவருடைய உதவியாள். மனிதர்கள் மேல் அவருக்கு மிச்சமிருக்கும் நம்பிக்கையை ஒரு டீஸ்பூனில் அடக்கிவிடலாம். என்னை 'ஓட்டவாய்' என்று கூப்பிடுவார். சீட்டு விவகாரத்தை அன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்கே முடித்துவிட்டார். புகை அறை வாசலில் மாட்டியிருந்த 'குனிந்து செல்லவும்' என்ற அட்டையும் அந்தச் சீட்டும் ஒரே கையெழுத்து. அந்த அறையை நடத்தும் பெண் எழுதியது. மாநாட்டுக்கு மாநாடு அதைக் கொண்டுபோய் மாட்டுவதும் கழற்றுவதும் அவள் வேலை.

அவள் மறுக்கவில்லை. "ஹேண்ட்பேக்னு சிரிக்கிறாங்களே, அது எங்க அக்கா" என்றாள். "அக்கா பொண்ணு ஸ்கூல்ல இந்த ஆளு வீடியோவப் போட்டுக் காட்டினாங்க. உங்கம்மா ஒரு பைக்காகவா செத்தாங்கன்னு கூடப் படிக்கிறதுங்க கேட்டிருக்கு. அன்னியிலேருந்து ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. என்னடி ஆச்சுன்னா, அம்மாவுக்கு என்னைவிட பைதான் பெருசான்னு கேக்குறா. கதவு பூட்டியிருந்துதுன்னு அவரு வாயால ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொன்னாப் போதும் மேடம்."

"இத அவர்கிட்டப் போய்ச் சொல்லிடலாமா?" என்று நான் கேட்டேன்.

"பசிக்குது. சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்" என்றார் மேடம்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் செத்தார்.

மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழியில் நின்றது புகை அறை. பலகைகளை மாட்டிச் செய்த பெரிய பெட்டி. ஒரு பக்கம் நுழைந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், உள்ளிருந்து திறக்காது. உள்ளே மூன்று திருப்பம் தாண்டி மறுபக்கத்து இரும்புக் கதவு வழியாக வெளியே வர வேண்டும். மெஷின் விடுகிற வெள்ளைப் புகையில் கண் தெரியாதே தவிர, இருமல்கூட வராது. தவழ்ந்து போனால் அரை நிமிஷ வேலை. இரும்புக் கதவில் முகத்துக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது.

அந்தக் கதவின் அடியில் கடைசி ஆள் சுருண்டு கிடந்தார். ஹோட்டல் டாக்டர் பார்த்துவிட்டு, பயத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர், நோட்டைத் தட்டி. "ரெண்டு மணிக்கு மாநாட்டு அமைப்பாளர் வந்து பாத்தப்ப இந்தக் கதவு பூட்டியிருந்துது. சாவி இந்தப் பொண்ணுகிட்ட. சீட்டு எழுதினதும் இவதான்னு நீங்களே கண்டுபிடிச்சிருக்கீங்க. உள்ள விட்டுப் பூட்டிட்டா. அந்த ஆளு பயத்துலயே போயிட்டாரு."

"பூட்டித்தான் வைப்பேன் சார்" என்றாள் அவள். "இல்லன்னா வெளியிலேருந்து யாராவது தெறந்துட்டு உள்ள எட்டிப் பாப்பாங்க. ஒன்னேகாலுக்கு இவரு வந்தாரு. தனியா உள்ள போகணும், யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு. புகையப் போட்டுவிட்டுட்டு நான் சாப்பிடப் போயிட்டேன்."

"சாப்பிடப் போனாளாம்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அமைப்பாளர் வாக்கி டாக்கியைக் காதிலிருந்து இறக்கினார். "இந்தப் பொண்ண நாலு மணிக்குள்ள கூட்டிட்டுப் போயிடுங்க சார். நிறைவுரைய அஞ்சலிக் கூட்டமா மாத்தியாச்சு. பேனருக்கும் சொல்லியாச்சு."

"உடம்பு இன்னும் ஆறல, அதுக்குள்ளயா?" என்றேன்.

"பேரிடர் ஆயத்தம் சார்" என்றார் அவர், சிரிக்காமல்.

மேடம் இறந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியிருந்த இடது கையை விரித்தார். உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் நான்கு வார்த்தை. இடம், இடம், வலம், கதவு.

"என்னது இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பிட்டு" என்றேன். "நானும் கணக்குப் பரிட்சைக்கு இங்கதான் எழுதிட்டுப் போவேன்."

மேடம் அமைப்பாளரிடம் திரும்பினார். "இவர் எதுக்கு இதுக்குள்ள போகணும்?"

"நாலு மணிக்கு எல்லாருக்கும் முன்னாடி இவர் இதுக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்து பேச ஆரம்பிக்கணும்னு ஏற்பாடு. ஸ்கிரீன்ல நேரடியாக் காட்டுறதா இருந்தோம். என் ஐடியாதான்."

"எப்ப சொன்னீங்க?"

"இன்னிக்குக் காலையில. முன்னாடியே சொன்னா எங்க முழங்கால் வலின்னு நழுவிடுவாரோன்னு..."

"ஒன்பது வருஷமா அதே முழங்கால்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. முதல் நாள் பேசிய தீயணைப்பு அதிகாரி. மாலை அஞ்சலியில் முதலில் பேசப்போவது தான்தான் என்பதற்காகச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். "எந்த மாநாட்டுலயும் அந்த ஆளு புகை அறைக்குள்ள கால் வச்சு நான் பாத்ததில்ல. கூப்பிட்டா உடனே முழங்கால் வலிக்கும்."

மேடம் எழுந்து கையில் ஒட்டிய தூசைத் தட்டிக்கொண்டார். "கறுப்புப் புகையில முப்பத்தொரு பேருக்கு வழி காட்டினவரு, பொம்மைப் புகைக்கு உள்ளங்கையில பிட்டு எழுதி, திருட்டுத்தனமா ஒத்திகை பாக்க வந்திருக்காரு. ஓட்டவாய், உள்ள போ."

"எதுக்குள்ள மேடம்?"

"அதுக்குள்ளதான். இன்ஸ்பெக்டர், நீங்களே உங்க கையால இரும்புக் கதவப் பூட்டுங்க. அப்புறம் எல்லாரும் அந்த மூலைக்கு வந்துடுங்க. இவன் கத்துவான், யாரும் காதுல வாங்காதீங்க."

உடலை ஓரமாக நகர்த்தி ஒரு மேஜைத் துணியால் மூடினார்கள். சாவி இரண்டு முறை திரும்பும் சத்தம் எனக்கே கேட்டது. மெஷின் உறுமியது. நான் வீராப்பாக நிமிர்ந்து நடந்தேன். முதல் திருப்பத்தில் மூக்கு இடித்தது, இரண்டாவதில் நெற்றி. மூன்றாவதை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. கதவுக்கு வந்தால் கைப்பிடி இல்லை. சுவரைத் தடவினேன், தரையைத் தடவினேன், கதவின் தலைமாட்டைத் தடவினேன். "மேடம், சம்பளப் பாக்கியெல்லாம் வேண்டாம், தெறங்க" என்று கத்தினேன். வெறுத்துப்போய்க் கதவின் மேல் சாய்ந்தேன். என் தொப்பை எதையோ அழுத்தியது. டக்கென்று கதவு திறந்துகொண்டது. நான் நடைவழியில் குப்புற விழுந்தேன்.

"பூட்டினேனே!" என்றார் இன்ஸ்பெக்டர். கையில் சாவி இருந்தது.

"வெளியிலேருந்து வர்றவனுக்குத்தான் பூட்டு" என்றார் மேடம். கதவின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு கம்பி ஓடியது. "உள்ள இருக்கிறவன் இந்தக் கம்பியத் தள்ளினாத் தெறந்துக்கும். எத்தன பூட்டுப் போட்டாலும் சரி. தீ விபத்துக் கதவுன்னாலே இப்படித்தான் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் தீயணைப்பு அதிகாரியை முறைத்தார். "உங்களுக்கு இது தெரியாதா சார்?"

"நல்லாத் தெரியும். என்னை யாரும் கேக்கலையே."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கம்பியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். ஊர் ஊராகப் போய்த் தப்பிப்பது எப்படி என்று பாடம் எடுத்த மனிதர், தள்ளினால் திறக்கும் கதவுக்கு முன்னால் பயந்து செத்திருக்கிறார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு நோட்டை மூடினார். "விபத்து. நீ போம்மா."

அமைப்பாளரின் முகம் மலர்ந்தது. "சாகுற நாள்லகூட ஒத்திகை பாத்த மாமனிதர்! உள்ளங்கையில குறிப்பு எழுதி வச்ச உழைப்பாளி! இத பேனர்ல சேக்க முடியுமான்னு கேக்குறேன்" என்று வாக்கி டாக்கியோடு ஓடினார்.

நான் மேடத்தின் பக்கம் திரும்பினேன். "மேடம், அந்தப் பிட்டு அவரு மானத்த வாங்கும்னு நெனச்சேன். மாலை வாங்கிக் குடுக்குது!"

எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் ஈரத்துணியோடு வந்தாள். கதவைத் துடைக்கப் போனவளின் கையை மேடம் பிடித்தார்.

"இரு. ஓட்டவாய், உள்ள நீ எங்கெல்லாம் தடவின?"

"தடவாத எடமே இல்ல மேடம்."

"கண்ணாடியத் தட்டினியா?"

"யாருமே இல்லாத கண்ணாடிய எதுக்குத் தட்டணும்?" என்றேன் சிரித்துக்கொண்டே. சொல்லி முடித்ததும்தான் எனக்கே உறைத்தது.

மேடம் செல்போன் விளக்கைக் கதவின் உள்பக்கம் அடித்தார். என் கை பட்ட தடங்கள் மேலும் கீழும் கன்னாபின்னாவென்று இருந்தன. என் கையைவிடப் பெரிய கை ஒன்றின் தடங்களும் இருந்தன. அவை ஒன்றுகூடக் கீழே இல்லை. எல்லாம் கண்ணாடியைச் சுற்றியே. கண்ணாடியில் புகை படிந்த இடத்தை வட்டமாகத் துடைத்த அடையாளம், ஒரு தடவை அல்ல, பல தடவை.

"இவன் கதவத் தெறக்குற வழியத் தேடினான். அதனால வெளிய வந்துட்டான்" என்றார் மேடம் மெதுவாக. "அவர் தேடவே இல்ல. வெளிய ஆள் தெரிஞ்சா எதுக்குத் தேடணும்? தெறப்பாங்கன்னு கண்ணாடியவே தட்டிக்கிட்டு நின்னிருக்காரு. நீ சாப்பிடப் போகலம்மா. இங்கதான் நின்ன."

அவள் துணியைப் பிழிந்தாள். பூட்டிய கதவு, சாவி, சீட்டு எல்லாம் அவளைக் குற்றவாளி என்றபோது அவள் குற்றவாளி இல்லை. எல்லாம் அவளை விட்டுவிட்ட பிறகு, ஒரு கண்ணாடி பிடித்துக்கொண்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இன்ஸ்பெக்டர் நோட்ட மூடிட்டாரு" என்றார் மேடம். "நான் தெறக்கப் போறதில்ல. எனக்கு ஃபீஸ் குடுக்க வேண்டிய ஆள் செத்துட்டான், நான் எதுக்கு உழைக்கணும்? கதவத் துடை. வீட்டுக்குப் போ."

"அவரு அந்தக் கண்ணாடி வழியா என்ன சொன்னாருன்னு கேக்க மாட்டீங்களா மேடம்?"

"கேக்க மாட்டேன். கேட்டது நீ ஒருத்திதான். அத வெளிய சொன்னா, எப்ப கேட்டன்னு கேப்பாங்க. புரியுதா?"

"புரியுது" என்றாள் அவள். கதவை மேலிருந்து கீழாகத் துடைத்தாள். வேலையில் குறை வைக்கிற பெண் இல்லை.

நான்கு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. கறுப்பு பேனரில் கடைசி ஆள் சிரித்தார். தீயணைப்பு அதிகாரி இருபது நிமிஷம் பேசினார், அதில் பதினைந்து நிமிஷம் தன்னைப் பற்றி. பிறகு விளக்கை அணைத்துவிட்டு இறந்தவரின் பழைய பேச்சு ஒன்றைத் திரையில் போட்டார்கள். விரல் உயர்ந்தது. சீப்பு, கண்ணாடி, பாதி கடித்த சாக்லேட். அரங்கம் பழக்கதோஷத்தில் சிரித்தது. அஞ்சலிக் கூட்டம் என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டது.

"இந்தப் பேச்ச இனிமே எல்லா ஸ்கூலுக்கும் இலவசமா அனுப்பப் போறோம்" என்றார் அமைப்பாளர். கைதட்டல். "ரெண்டு வார்த்தை பேச விரும்புறவங்க மேடைக்கு வரலாம்."

பின்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். எங்களைத் தாண்டிப் போகும்போது மேடம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. உன் வாழ்க்கை போயிடும்."

"எல்லா ஸ்கூலுக்கும்னு சொன்னாரே, கேட்டீங்கல்ல?" என்றாள். மேடம் விட்டுவிட்டார். அவர் பிடித்ததை விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் மைக்கைச் சரிசெய்யத் தெரியாமல் குனிந்தே பேசினாள். "அந்தத் தீயில செத்துப்போனது எங்க அக்கா. சட்டைக்குக் காஜா போடுற வேலை. தையல் ஃபாக்டரில பையெல்லாம் உள்ள கொண்டுபோக விட மாட்டாங்க. வாசல் கேட்டுலயே வாங்கி வச்சுக்குவாங்க. தீப்பிடிச்ச மறுநாள் வாட்ச்மேன்தான் அக்கா பைய வீட்டுல கொண்டாந்து குடுத்தாரு. ஒரு பொட்டுக்கூடக் கருகல. பீரோவுல இருக்கு. உள்ள இல்லாத பைய எடுக்க எப்படிங்க திரும்பிப் போவாங்க?"

நானூறு பேரில் ஒருவரும் தையல் ஃபாக்டரிக்குள் வேலை பார்த்தவர் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, இது அஞ்சலிக் கூட்டம்" என்று அமைப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "செத்தவரால பதில் சொல்ல முடியாதுங்கிறதுக்காக..."

"பதில் சொல்லிட்டாரு. ஆளுங்க அடிக்கடி வெளிய போறாங்கன்னு ஹால் கதவப் பூட்டச் சொன்னது அவருதான். தீப்பிடிச்சதும் மத்தவங்க ஜன்னல் வழியாக் குதிச்சுட்டாங்க. அக்கா கதவுகிட்ட நின்னு தட்டியிருக்கா. சாவி அவரு பாக்கெட்டுல. நான் பயந்து ஓடிட்டேன்னாரு. மொத ஆளா வெளிய வந்தது நான்தான்னாரு. அவரு வாயாலதான் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?" என்றார் அமைப்பாளர். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னிக்கு மதியம். ஒன்னேகால் தாண்டினதும். அந்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு."

கதவோரம் காபியோடு நின்றிருந்த இன்ஸ்பெக்டர் கோப்பையை வைத்துவிட்டு மேடைக்கு நடந்தார். அவர் ஷூ சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. மைக் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொன்னது.

"அப்ப நீ வெளிய நின்னுட்டு இருந்த."

"ஆமா சார்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

"கம்பியத் தள்ளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளு பொழச்சிருப்பாரேம்மா."

"அவரு உண்மையச் சொன்னதும் சொல்லலாம்னுதான் சார் நின்னேன்" என்றாள் அவள். "சொன்னதுக்கு அப்புறம், சொல்லணும்னு தோணல."

இன்ஸ்பெக்டர் மேடைப் படியிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். "மொதல்லேருந்து சொல்லு" என்றார். அவள் அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள்.